தரிசு என்று ஒரு நிலமும் இல்லை

அன்புள்ள வாசகருக்கு,

நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் 'சிதைவுகள்' நாவலைப் படித்து முடித்த இரவிலேயே எழுதியதாகச் சொல்லியிருந்தீர்கள். அந்த நாவலின் முடிவு எவரையும் தூங்கவிடாது. அதன் நாயகன் ஒக்கொங்வோ மரத்தில் தொங்குகிறான். அவனைப் பற்றித் தன் புத்தகத்தில் ஒரு பத்தி எழுதினால் போதும் என்று வெள்ளைக்கார அதிகாரி நினைத்துக்கொண்டு நடக்கிறார். உங்கள் கேள்வி அந்தக் காட்சியிலிருந்துதான் பிறந்திருக்க வேண்டும். ஈட்டி எடுத்தவர்கள் தோற்றார்கள். பின்னால் லண்டனில் படித்துவிட்டு வந்தவர்கள், வெள்ளையர் சொல்லிக்கொடுத்த சொற்களை வைத்தே வெள்ளையரிடம் விடுதலை கேட்டார்கள். இதில் ஆப்பிரிக்கர்களுடைய சொந்த அரசியல் சிந்தனை எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் கொண்ட ஒரு கண்டத்தைப் பற்றி ஒரே கடிதத்தில் பதில் சொல்லப் புகுந்தால் பொய்தான் சொல்ல நேரும். அதனால் ஒரு கடற்கரையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இன்று கானா என்றும் அன்று தங்கக் கடற்கரை என்றும் பெயர் கொண்ட நாட்டில், கேப் கோஸ்ட் என்ற துறைமுக ஊர். அங்கிருந்து 1897இல் ஒரு நில மசோதாவை எதிர்த்து எழுந்த வழக்காடலைச் சொன்னால் உங்கள் கேள்விக்குப் பெரும்பகுதி பதில் கிடைத்துவிடும் என்று நம்புகிறேன்.

அந்த மசோதாவுக்கு முன்னோடி ஒன்று 1894இல் வந்தது. தரிசு நிலம், காடு, மண்ணுக்கடியில் இருக்கும் கனிமம் எல்லாம் பிரிட்டிஷ் மகாராணிக்குச் சொந்தம் என்று அது நேராகவே சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள். அடுத்த ஆண்டு வில்லியம் மாக்ஸ்வெல் ஆளுநராக வந்தார். அவர் மலாயாவில் பணியாற்றி, சிலாங்கூரின் நிலச் சட்டத்தை வகுத்தவர். 1897இல் அவர் கொண்டுவந்த மசோதா 'சொந்தம்' என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு 'நிர்வாகம்' என்ற சொல்லைப் போட்டது. யாரும் பயிரிடாத, யாரும் குடியிருக்காத நிலம் 'பொது நிலம்'. அதை அரசு நிர்வகிக்கும். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது, இல்லையா? தங்கச் சுரங்கத் தரகர்கள் கிராமம் கிராமமாக அலைந்து தலைவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கொள்ளையிலிருந்து மக்களைக் காக்கவே சட்டம் என்றார்கள். கொள்ளை நடந்ததும் உண்மைதான். ஒரே நிலத்தை இரண்டு மூன்று பேருக்கு எழுதிக்கொடுத்த தலைவர்களும் இருந்தார்கள்.

'தரிசு' என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் ஊரில் 'புறம்போக்கு' என்ற சொல் என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆடு மேயும் இடம், விறகு பொறுக்கும் இடம், வெள்ளம் வந்தால் ஏறி நிற்கும் மேடு எல்லாம் கணக்குப் புத்தகத்தில் யாருக்கும் இல்லாத இடமாகிவிடும். வரி கட்டாத நிலத்துக்கு ஆள் இல்லை என்பது அந்தக் கணக்கு. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் அவசரச் சட்டம் காட்டையும் தரிசையும், வேறாக நிரூபிக்கப்படும்வரை, அரசுடையதாகக் கருதியது. மலையகத்தில் காப்பித் தோட்டங்கள் எழுந்ததற்கும், தமிழகத்து ஏழைகள் மன்னார் வழியாகக் கால்நடையாக அங்கே போனதற்கும் பின்னால் அந்தச் சட்டமும் நிற்கிறது. மாக்ஸ்வெல் தங்கக் கடற்கரையில் மசோதா கொண்டுவந்த அதே 1897இல் இலங்கையில் தரிசு நிலச் சட்டம் ஒன்று நிறைவேறியது. பேரரசின் சட்டப்பை ஒன்றுதான். இலங்கையில் நிறைவேறியது தங்கக் கடற்கரையில் ஏன் நிறைவேறவில்லை என்பதில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது.

கேப் கோஸ்ட்டின் மக்கள் ஃபான்டேக்கள், அக்கான் மக்களின் ஒரு பிரிவினர். அவர்களுடைய அரசியலின் நடுவில் ஒரு மரப்பீடம் இருக்கிறது. ஒரே கட்டையில் குடைந்த, நடுவில் வளைந்த பீடம். தலைவன் வருவான், போவான், பீடம் இருக்கும். நிலம் பீடத்தைச் சேர்ந்தது. பீடமோ இறந்தவர்களையும் இருப்பவர்களையும் இனிப் பிறக்கப்போகிறவர்களையும் சேர்த்த குடும்பத்தைச் சேர்ந்தது. தலைவன் அதற்குக் காவல்காரன். கோயில் நிலத்துக்குத் தருமகர்த்தா எப்படியோ அப்படி: சாவி அவன் கையில், சொத்து அவனுடையதல்ல. ஒரு குடும்பத்தின் நிலத்தை அந்தக் குடும்பத்தின் மூத்தவர்கள் ஒப்பாமல் அவன் விற்க முடியாது. நேற்றுப் பயிர் வைத்துவிட்டு இன்று ஓய விட்ட காட்டுக்கும், வேட்டைக்கு மட்டும் போகும் காட்டுக்கும், யாரும் கால்வைக்காத காட்டுக்கும்கூட இன்னார் எல்லை என்ற கணக்கு உண்டு.

தலைவனைக் கட்டும் இன்னொரு கயிறும் உண்டு. அவன் பதவி ஏற்கும் நாளில் மக்கள் சார்பாக 'ஒச்சாமே' என்பவர் பேசுவார். தலைவனுக்கும் மக்களுக்கும் இடையில் சொல்லைக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறவர், கையில் செதுக்கிய கோல் பிடித்தவர். எங்களை இழித்துப் பேசாதே, பெரியவர்களைக் கேட்காமல் எதையும் செய்யாதே, பேராசைப்படாதே என்று மக்கள் அவனிடம் எதிர்பார்ப்பதையெல்லாம் அவர் முகத்துக்கு நேரே அடுக்குவார். அவன் அதற்கு உடன்பட்டு ஆணையிட வேண்டும். ஆணையை மீறினால் பீடத்திலிருந்து இறக்கிவிடலாம். செருப்பைக் கழற்றி வெறுங்காலைத் தரையில் பட வைப்பார்கள். அத்தோடு அவன் தலைவன் அல்ல. அசாஃபோ என்ற இளைஞர் படைகள், சாதாரணக் குடிகளின் அமைப்புகள், இப்படி இறக்கிய தலைவர்கள் பலர்.

எந்த லண்டன் பேராசிரியரும் இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. இதை ஆங்கிலச் சட்ட மொழியில் எழுதக் கற்றவர்தான் ஜான் மென்சா சர்பா. 1864இல் பிறந்து, 1887இல் இங்கிலாந்தில் பாரிஸ்டரானார். தங்கக் கடற்கரையின் ஆப்பிரிக்கர்களில் அந்தத் தகுதி பெற்ற முதல் ஆள். ஊர் திரும்பியதும், தாய்நாட்டு மரபு தேயக் கூடாது என்று 1889இல் தொடங்கிய ஒரு ஃபான்டே சங்கத்தில் முன்னின்றார். அவருடைய 'ஃபான்டி மரபுச் சட்டங்கள்' நூல் 1897இல் வெளிவந்தது. மசோதா வந்த அதே ஆண்டு.

அந்தச் சங்கத்திலிருந்து பூர்வகுடிகள் உரிமைப் பாதுகாப்புச் சங்கம் 1897இல் எழுந்தது. வணிகரான ஜேக்கப் வில்சன் சே தலைவர். பீடத்துத் தலைவர்கள், வழக்கறிஞர்கள், வணிகர்கள், பாதிரிமார் எல்லாரும் ஒரே கூடாரத்தில் உட்கார்ந்தார்கள். சட்ட சபையில் சங்கத்துக்காக சர்பா வாதாடினார். அதற்குக் கூலி வாங்க மறுத்தார் என்பார்கள். அவர் வாதத்தின் சாரம் இதுதான்: ஆளில்லாத நிலம் என்ற ஒன்று எங்கள் நாட்டில் கிடையாது. நாங்கள் போரில் தோற்று உங்களுக்கு அடிமைப்பட்டவர்களும் அல்ல. 1844இல் எங்கள் தலைவர்கள் கையெழுத்திட்ட உடன்படிக்கை கொடுங்குற்றங்களை விசாரிக்கும் அதிகாரத்தை உங்களுக்குக் கொடுத்தது, மண்ணைக் கொடுக்கவில்லை.

இந்த வாதத்தில் ஆங்கிலச் சட்டம் வெறும் தோணிதான். ஏற்றியிருந்த சரக்கு அவர்களுடையது. படித்தவர்கள் வெள்ளையர் சொல்லைத் திருப்பிச் சொன்னார்கள் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். சர்பாவின் நூலைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. வீட்டுத் தலைவன் கடமை, அடமானம், தத்து, தாய்வழிச் சொத்துரிமை என்று தன் பாட்டிமார் அறிந்திருந்ததை அவர் வரிசைப்படுத்தி, நீதிமன்றத்தில் எடுத்துவைக்கும்படி செய்திருக்கிறார்.

1898இல் சங்கத்தின் தூதுக்குழு லண்டன் போனது. சே, ஜோன்ஸ், ஹியூஸ் என்று மூன்று பேர். குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சர் ஜோசப் சேம்பர்லேனைச் சந்தித்தார்கள். மசோதா கைவிடப்பட்டது. அதைக் கொண்டுவந்த மாக்ஸ்வெல் அதற்கு முன்பே, 1897 டிசம்பரில், கப்பலில் இறந்துபோயிருந்தார். 1900இல் வந்த சட்டம் சுரங்க ஒப்பந்தங்களை நீதிமன்றத்தின் பார்வைக்குக் கீழே கொண்டுவந்தது. மண் மக்களிடமே இருந்தது.

இந்த வெற்றிக்குப் பின்னால் ஒரு தோல்வியும் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால்தான் இவர்கள் திடீரென்று முளைத்தவர்கள் அல்ல என்பது விளங்கும். 1867இல் பிரிட்டனும் ஹாலந்தும் கடற்கரைக் கோட்டைகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் போட்டன. கோட்டையைச் சுற்றி வாழ்ந்தவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1868இல் ஃபான்டே தலைவர்களும் படித்தவர்களும் மங்கெசிம் என்ற ஊரில் கூடிக் கூட்டமைப்பு ஒன்றை நிறுவினார்கள். 1871இல் அரசியலமைப்பே எழுதிவிட்டார்கள். அவர்களுக்கு ஊக்கம் தந்தவர்களில் ஒருவர் சியரா லியோனில் பிறந்த மருத்துவர் ஆஃப்ரிக்கானஸ் ஹார்ட்டன். மேற்கு ஆப்பிரிக்கர்கள் தங்களைத் தாங்களே ஆளத் தகுதியுள்ளவர்கள் என்று 1868லேயே புத்தகம் போட்டவர்.

அந்த அரசியலமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் எது தெரியுமா? உள்நாடு முழுவதும் சாலை போட வேண்டும், அகலம் 15 அடி இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஆழமான வடிகால் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தோடு தச்சும் கொத்தும் வேளாண்மையும் கற்பிக்க வேண்டும், பெண் குழந்தைகளுக்கு ஆசிரியைகளை அமர்த்த வேண்டும் என்றும் இருக்கிறது. அரசியல் சிந்தனை என்றால் சுதந்திரம், இறையாண்மை என்ற பெருஞ்சொற்களைத்தான் நாம் தேடுகிறோம். மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும் என்று யோசித்தவர்கள் ஆளத் தெரிந்தவர்கள். பிரிட்டிஷ் நிர்வாகி அவர்களைச் சதிகாரர்கள் என்று கைது செய்தார். பிறகு விடுவித்தாலும் கூட்டமைப்பு 1873க்குள் கலைந்தது. 1874இல் தங்கக் கடற்கரை முறைப்படி பிரிட்டிஷ் காலனியானது.

கேப் கோஸ்ட்டின் வெற்றியை நான் பெரிதாக்கிச் சொல்லக்கூடாது. மனு எழுதினால் பேரரசு இறங்கிவரும் என்பதற்கு அது சான்றல்ல. தென்னாப்பிரிக்காவில் 1913ஆம் ஆண்டு நிலச் சட்டம் ஏறக்குறைய 7 விழுக்காடு நிலத்தை மட்டும் கறுப்பின மக்களுக்கு ஒதுக்கியது. 1914இல் அங்கிருந்தும் ஒரு தூதுக்குழு லண்டன் போனது. சால் பிளாட்ஜே அதில் இருந்தார். பத்திரிகையாளர், பல மொழி அறிந்தவர், சர்பாவுக்கு எந்த வகையிலும் குறைந்தவர் அல்ல. வெறுங்கையோடு திரும்ப வேண்டியதாயிற்று. 1910லேயே ஆட்சியை வெள்ளைக் குடியேறிகளிடம் கொடுத்தாகிவிட்டது, இனித் தலையிட முடியாது என்பது லண்டனின் நிலை. தங்கக் கடற்கரையில் அப்படிக் குடியேறிகள் இல்லை. மலேரியாக் கொசு அவர்களை வரவிடவில்லை. வெற்றியில் கொசுவுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கொசு இலங்கையிலும் இருந்தது. சட்டத்தை எதிர்த்து ஊர்ப் பெரியவரும் பாரிஸ்டரும் ஒரே சொல்லில் நிற்பது கேப் கோஸ்ட்டில்தான் நடந்தது.

சங்கத்தின் குறையையும் சொல்லிவிடுகிறேன். அது ஆண்களின் சங்கம், வசதி படைத்தவர்களின் சங்கம். மரபுச் சட்டத்தை எழுதி வைத்தபோது, ஊருக்கு ஊர் நெகிழ்ந்துகொடுத்த வழக்கம் புத்தகத்தில் இறுகியது. கூட்டத்தில் வாய் திறக்க முடியாதவர்களின் வழக்கம் அதில் ஏறவில்லை.

மண் கையில் இருந்ததால் என்ன நடந்தது என்று பாருங்கள். டெட்டே குவார்ஷி என்ற கொல்லர் 1870களில் ஃபெர்னான்டோ போ தீவிலிருந்து கோகோ விதை கொண்டுவந்தார். தோட்டத் துரைகள் இல்லாமல், சிறு விவசாயிகள் காட்டுக்குள் புகுந்து பயிர்வைத்தே 1911க்குள் உலகின் முதல் கோகோ ஏற்றுமதி நாடாகத் தங்கக் கடற்கரையை ஆக்கினார்கள். 1937இல் ஐரோப்பிய நிறுவனங்கள் கூடிப்பேசி விலையைத் தங்களுக்குள் கட்டுப்படுத்தியபோது, அந்த விவசாயிகள் கோகோவை விற்க மறுத்துவிட்டார்கள். மாதக்கணக்கில் மூட்டைகள் வீட்டிலேயே கிடந்தன. ஐரோப்பியச் சரக்கையும் வாங்க மறுத்தார்கள். லண்டன் விசாரணைக் குழு அனுப்ப நேர்ந்தது. அடுத்த ஆண்டு நிறுவனங்களின் ஒப்பந்தம் நின்றது. புத்தகம் எழுதாதவர்களின் அரசியல் சிந்தனை என்று இதைத்தான் நான் சொல்வேன். மலையகத் தோட்டத்தில் நாள்கூலிக்குக் கொழுந்து பறித்தவரால் தேயிலையை விற்க மறுக்க முடிந்திருக்குமா? தேயிலை அவருடையதாக இருந்ததே இல்லை.

இனி கானாவின் முதல் குடியரசுத் தலைவர் குவாமே நிக்ரூமா. உங்கள் கடிதத்தில் அவர் பெயர் ஐந்து முறை வருகிறது. எனக்கும் அவர் மேல் மதிப்பு உண்டு. பர்மாப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய முன்னாள் படைவீரர்கள் 1948 பிப்ரவரி 28 அன்று அக்ராவில் மனுக் கொடுக்க ஊர்வலம் போனபோது, துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் இறந்தார்கள். மனுக்களின் காலம் அங்கே முடிந்தது. அதை நிக்ரூமா புரிந்துகொண்டார். சங்கத்துப் பெரியவர்கள் நாற்காலிகளில் இருந்தார்கள். அவர் திண்ணையில் படுத்துறங்கிய இளைஞர்களைத் தேடிப் போனார். 1949இல் கட்சி தொடங்கினார். காந்தியிடமிருந்து கற்று அவர் நடத்திய 1950 போராட்டம் அவரைச் சிறைக்கு அனுப்பியது. 1951இல் சிறையில் இருந்தபடியே தேர்தலில் வென்றார். 1957 மார்ச் 6இல் கானா விடுதலை அடைந்தது. 1844 உடன்படிக்கை கையெழுத்தானதும் ஒரு மார்ச் 6தான். கொடி இறங்கினாலும் விலையை நிர்ணயிக்கிற கை மாறாது என்று 1965இல் புதுக்காலனியம் பற்றி அவர் எழுதிய நூலை இன்றும் நான் எடுத்துப் படிக்கிறேன்.

ஆனால் அவர் மறந்தது ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விடமுடியாது. 1958இல் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கும் சட்டம் வந்தது. அதில் சிக்கியவர்களில் ஒருவர் பாஃபூர் ஒசேய் அகோட்டோ. அவர் யார் தெரியுமா? அக்கான் மக்களின் இன்னொரு பிரிவினரான அசாண்டேக்களின் மன்னருக்கு மூத்த ஒச்சாமே. ஆள்பவனின் முகத்துக்கு நேரே மக்களின் சொல்லைச் சொல்கிற பொறுப்பில் இருந்தவர். அவருக்காக வாதாடியவர் ஜே. பி. டான்குவா, அக்கான் சட்டங்களைப் பற்றி நூல் எழுதியவர், சர்பாவின் வழியில் வந்தவர். குடியரசுத் தலைவர் பதவியேற்கும்போது மக்களின் உரிமைகளைக் காப்பேன் என்று உறுதிமொழி கொடுத்திருக்கிறார், அது அவரைக் கட்டுப்படுத்தும் என்பது டான்குவாவின் வாதங்களில் ஒன்று. 1961இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இங்கிலாந்து அரசியின் முடிசூட்டு உறுதிமொழி போன்றதுதான் இது, மனசாட்சியைக் கட்டும், சட்டத்தால் கட்டாது என்று தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்பைப் படித்தபோது என் நெஞ்சு கனத்துப்போனது. ஆணையை மீறியவனின் செருப்பைக் கழற்றிய மரபு அந்த மண்ணிலேயே இருந்தது. சுதந்திர நாட்டின் ஆப்பிரிக்க நீதிபதிகள் அதை விட்டுவிட்டு லண்டன் முடிசூட்டு விழாவை உவமைக்கு எடுத்தார்கள். நீங்கள் சொன்ன 'வெள்ளையரின் சொல்' உண்மையில் வென்ற இடம் இதுதான், விடுதலைக்கு நான்கு ஆண்டு கழித்து. 1964இல் கானா ஒரே கட்சி நாடானது. டான்குவாவே அந்தத் தடுப்புக்காவல் சட்டத்தில் அடைக்கப்பட்டு 1965 பிப்ரவரியில் இன்சாவம் சிறையில் இறந்தார். அடுத்த பிப்ரவரியில் நிக்ரூமா வெளிநாடு போயிருந்த வேளையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தலைவனை இறக்க மரபு வைத்திருந்த வழியை அடைத்த பிறகு, துப்பாக்கியின் வழிதான் மிஞ்சியிருந்தது.

ஆகவே, நண்பரே, அந்தச் சிந்தனை எங்கே என்ற உங்கள் கேள்விக்கு நான் கண்ட இடங்கள் இவை: நிலத்துக்கு ஆள் உண்டு என்ற வாதத்திலும், ஆணைக்கு வலு உண்டு என்ற வாதத்திலும். முதலாவது 1898இல் பேரரசை நிறுத்தியது. இரண்டாவது 1961இல் சொந்த நாட்டு நீதிமன்றத்தில் தோற்றது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். ஒக்கொங்வோவின் கதையை அதிகாரியின் அந்த ஒரு பத்தியோடு முடித்துவிடாதீர்கள்.

இன்றும் கானாவில் தங்கத்துக்காக ஆறுகளைக் கலக்குகிறார்கள், பீட நிலங்களைக் கட்டடக்காரர்களுக்கு விற்கும் தலைவர்கள் இருக்கிறார்கள், அவர்களை எதிர்த்து ஊரார் நீதிமன்றம் போகிறார்கள். அந்த ஊரார் கையில் இருப்பது 1992ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 267ஆம் பிரிவு. பீட நிலங்கள் எல்லாம் அந்தந்தப் பீடத்தைச் சேர்ந்தவை, குடிகளின் சார்பாகப் பொறுப்பில் வைக்கப்பட்டவை என்று அது சொல்கிறது.

அன்புடன்.